அன்னபேதி

கோயமுத்தூரிலிருந்து பதினேழு பெட்டிகள்.
மேட்டுப்பாளையம் வரை மாட்டுவண்டி,
அதற்கு மேல் தலை.
தலைக்கு நாலணா. கண்ணாடிப் பெட்டி என்றால் ஆறணா,
உடைந்தால் அதுவும் இல்லை.

எனக்குக் கூலி அல்ல, சம்பளம்.
ஊட்டி மருந்துக்கடையில் கம்பவுண்டர் நான்,
ஞானாபரணம்.
ஈதரை வாசனையிலும்
சயனைடை வாசனை பிடிக்காமலும் அறிகிறவன் என்று
முதலாளி என்னைக் கேப்டனுக்கு இரவல் கொடுத்தார்,
சின்னத் தராசையும் சேர்த்து.

கோத்தகிரிக்கு மேலே மரமில்லாத ஒரு முகடு.
ஒன்பது நாள் மேகம்.
ஒன்பது நாளும் கேப்டன்
சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து வானத்துக்குக் காட்டினார்,
கடன்காரனுக்குப் பத்திரம் காட்டுவதுபோல.
பெட்டி சுமந்து வந்த ஆலாதான்
புல்லைத் தடவிவிட்டுச் சொன்னான்:
செவ்வாய் விடியலில் உறைபனி விழும்.
அது விழுந்தால் வானம் இருக்கும்.

விழுந்தது.
கொலோடியன் புட்டிக்குள் கூழாக நகர மறுத்தது.
அக்குளில் இடுக்கிக்கொண்டு
அடைக்கோழியாய் உட்கார்ந்திருந்தேன்
கிழக்கு வெளுக்கும்வரை.

ஈரம் காய்வதற்குள் எல்லாம் நடந்தாக வேண்டும்.
பசையை ஊற்று, வெள்ளித் தண்ணீரில் முக்கு,
திரைக்கு வெளியே நீட்டு, திரும்ப வாங்கு,
அன்னபேதி ஊற்று, கழுவு.
ஆறு கண்ணாடிகள். கிரகணமோ இரண்டே நிமிடம்.
கூடாரத்துக்கு இரட்டைத் திரை.
உள்ளே நான், ஒரு வாளித் தண்ணீர்,
கைக்குட்டை அகலத்தில் மஞ்சள் துணி தைத்த ஜன்னல்.

ஏழரைக்கு மேல் அந்தத் துணி
பழுத்தது.
பழுத்து அழுகியது.
பிறகு துணியே இல்லை.
அதுதான் நான் பார்த்த கிரகணம்.

மற்றதெல்லாம் காதில்.
எண்ணுகிற சிப்பாய் நூற்றிருபதிலிருந்து இறங்கி வந்தான்.
ஏதோ ஒரு குருவி பாதியில் நிறுத்தியது.
பள்ளத்தில் எருமைகள் மந்துக்குத் திரும்பும் குளம்புச் சத்தம்.
யாரோ படுகில் கத்தினார்கள்.
கேப்டன் ஒரு பெண்பெயரைச் சொன்னார்,
ஒரே தடவை,
பிறகு இருமிக்கொண்டார்.

தலையை நீட்டிப் பார்க்க ஒரு விநாடி போதும்.
திரை விலகினால் ஆறும் பாழ்.
நாற்பது, என்றான் சிப்பாய்.
முப்பத்தொன்பது.
நான் அன்னபேதியை ஊற்றினேன்.

மூன்றாவது கண்ணாடியில்தான் வந்தது.
பாலாடைமேல் ஒரு கறுப்பு முடி முளைத்தது.
இன்னொன்று.
வட்டத்தைச் சுற்றிலும் கறுப்புக் கதிர்கள்.
எல்லாம் தலைகீழ், வெளிச்சம்தான் அங்கே கரி.
சயனைடு பட்டதும் நடுவிலிருந்த பால் கழன்று
நிலா நின்ற இடம் வெறும் கண்ணாடியானது.
திரும்பி வந்துவிட்டிருந்த மஞ்சள் ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
நிலாவின் வழியே என் கட்டைவிரல் தெரிந்தது,
வெள்ளி கடித்துக் கறுத்த நகத்தோடு.

வெளியே வந்தால் காலை எட்டு மணி, சாதாரண வெயில்.
எல்லோரும் எதையோ பார்த்த முகத்தோடு நின்றார்கள்.
எப்படி இருந்தது என்று ஆலாவைக் கேட்டேன்.
வாயைத் திறந்தான், மூடினான்.
என் கையில் சொட்டிக்கொண்டிருந்த கண்ணாடியை
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.
"இப்படி இல்லை" என்றான்.

ஆறில் மூன்று தேறின.
ஒன்றில் தூசி. ஒன்று கீறல்.
ஒன்றை இருட்டில் நானே மிதித்தேன்,
அதைக் கேப்டனிடம் தூசி என்றே சொன்னேன்.
தேறியவை கம்பளியில் சுருண்டு கப்பலுக்குப் போயின.

ஞாயிறு, திருவிருந்தில்,
அப்பத்துக்கு நீட்டிய கையைக் கண்டு ஐயர் தயங்கினார்.
என்ன கறை?
மருந்து ஐயா, என்றேன்.

விரல்தோல் பத்து நாளில் உரிந்துவிட்டது.
நகத்தில் இருந்ததுதான் கிறிஸ்துமஸுக்கும் போகவில்லை.
மெல்ல நுனிக்கு ஏறி
லெந்து நாட்களில் பிறையாகி நின்றது.
ஒரு சனிக்கிழமை மாலை
கடைக் கத்தரியால்
வெட்டிப் போட்டேன்.