இன்னும் இரண்டு சீவல்

குத்தாயிசி ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில்
சன்னல் இல்லாத அறை என்னுடையது.
மெழுகில் உறைந்த சதையைச் சீவுவது வேலை.
மூச்சு விட்டால் பறந்துவிடும், அத்தனை மெலிசு,
அதனால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
முப்பத்தொரு வருடம்
நாளுக்கு நூறு முறை பிடித்திருக்கிறேன்.

எழுதிக் கையெழுத்திடுவது டாக்டர்.
ஆனால் சாயம் ஏறிய கண்ணாடியை
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாலே
ஊதா எங்கே மொய்க்கிறது என்று
எனக்குத் தெரிந்துவிடும்.
சொல்லத்தான் அனுமதியில்லை.

அந்தத் திங்கட்கிழமை
பதினொரு மணிக்கே தெரிந்துவிட்டது.
டாக்டர் வர நாலாகும்.
நடையில் கிடந்த பெஞ்சில் அவ்தண்டில்,
எதேரியின் கணவர்.
பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் எதேரி,
இரண்டாம் மாடியில் படுத்திருக்கிறாள்.
இங்கே நெருப்புக் கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டதால்
கொளுத்தாத மெழுகுவர்த்தி ஒன்றைப் பிடித்துக்கொண்டு
அதனிடமே பேசிக்கொண்டிருந்தார்.

அவர் கையிலும் மெழுகு,
என் கையிலும் மெழுகு.

ஐந்து மணி நேரம்
கடவுள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.
வசதியான நாற்காலி இல்லை அது.

அந்தச் செல்கள் பிளம் பூத்தபோதே
முடிவெடுத்துவிட்டன.
இவர் அக்டோபரில் கெஞ்சுகிறார்,
தபால்பெட்டியில் போட்ட பிறகு
முகவரியைத் திருத்தப் பார்ப்பதுபோல.

இதை ஒருமுறை
எங்கள் திருத்தொண்டர் பெசாரியோனிடம் கேட்டேன்.
நீ கேட்பாய் என்பதும் அவருக்கு முன்பே தெரியும்,
உன் ஜெபத்தையும் சேர்த்துத்தான்
உலகத்துக்குக் கணக்குப் போட்டார் என்றார்.
சரி, நான் கேட்காமல் விட்டால்?
அதுவும் கணக்கில் உண்டு.
அப்படியானால் என் முழங்கால் எதற்கு வலிக்கிறது?
தேநீரை ஊதினார். மறுபடி ஊதினார்.
அது எப்போதோ ஆறியிருந்தது.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள்.
அழுவதற்கு முன்பே மார்பு கனத்திருப்பதை
யாரும் சொல்வதில்லை.
ஆனாலும், நானும் ஒருவனுக்குப் பால் கொடுத்தவள்,
அழுகை கேட்ட பிறகுதான்
சட்டை நனையும்.

ஒரு மணிக்குக் கதவைத் திறந்தேன்.
அவ்தண்டில் எழுந்து நின்றார்.
கோட்டுப் பையிலிருந்து வால்நட் கொட்டைகள், ஐந்தோ ஆறோ,
என் கையில் திணித்து,
நல்லதாக வரட்டும் அம்மா, என்றார்,
நான்தான் அதைச் செய்துகொண்டிருப்பதுபோல.

உள்ளே வந்து
எடுத்துவைத்த மெழுகுக் கட்டியை
மறுபடி இயந்திரத்தில் பூட்டினேன்.
விதியில் இல்லை. தேவையும் இல்லை.
இன்னும் ஆழமாக இரண்டு சீவல்.
மூச்சைப் பிடித்தேன்.
சாயம், கழுவல், மறுபடி சாயம்.
விளக்குக்கு நேரே தூக்கினேன்.

அதே ஊதா.

இந்த இரண்டும் எதற்கு லமாரா, என்றார் டாக்டர்.
ஒருவர் கேட்டுக்கொண்டார் என்றேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
பிறகு வழக்கம்போல் ஆளனுப்பிக் கூப்பிடாமல்
தானே நடைக்குப் போனார்.
பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.
அவ்வளவுதான் நடந்தது.
அதற்கு மேல் நடந்ததாக நான் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குப் போகும்போது
ரியோனி ஆறு
தன் வெள்ளைக் கற்களை உருட்டிக்கொண்டிருந்தது.
பாலத்தில் நின்றேன்.
என் மகன் போலந்தில் லாரி ஓட்டுகிறான்,
அங்கே சாலையில் பனிக்கட்டி பிடிக்கும் மாதம்.
காப்பாற்றும் என்று தினமும் கேட்பவள்
அன்றைக்கு வேறு மாதிரி கேட்டேன்:
உமக்குத் தெரியும்.
ஆனாலும் இன்னொரு முறை பாரும்.

இரவு அவன் அனுப்பியது
ஒரு சூப்பின் படம் மட்டும்.
கிண்ணத்தின் விளிம்பில்
யாருடையதோ கட்டைவிரல்.