பதினேழாம் நிமிடம்

ஏழரை ஜிபி. சனி இல்லை, அளவு.
வெற்றுத் தட்டில் இடம் நாலேகால்.
ஆருடையதோ ஒரு கலியாணத்திலிருந்து
மூன்றேகாலைக் கழித்தாக வேண்டும்.
எதைக் கழிப்பதென்று
மூன்று மென்பொருள்களிடம் விட்டேன்.

கரடிப்போக்குச் சந்தியில் கடை.
பகல் முழுக்கப் பாஸ்போட் படம், அடையாள அட்டைப் படம்.
இரவில்தான் கணினிக்கு மூச்சு வரும்.

முதலாவது இலவசம் என்றது.
தாலி ஏறும் நேரம் பார்த்துத்
தன் பெயரை மாப்பிள்ளையின் நெற்றிக்குக் குறுக்கே எழுதியது.
அழித்துவிட்டேன்.

இரண்டாவது நீல ஐகன்காரன். நாற்பது நிமிடத்தில் முடித்தான்.
கூறைச்சேலை எண்ணெய் தடவினதுபோல் மினுங்கியது.
ஐயரின் மூன்றுநாள் தாடி காணாமல் போயிற்று.
ஓமப்புகை மட்டும்
அரிகல் அடுக்குகிற மாதிரி
கட்டம் கட்டமாக மேலே போனது.

மூன்றாவது சாம்பல். இரண்டு தரம் ஓடும்.
முதல் ஓட்டத்தில் ஒன்றும் எழுதாது,
எது அசைகிறது எது சும்மா கிடக்கிறது என்று
பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளும்.
ஐந்து மணித்தியாலம்.
நாலாவதில் கரண்ட் போனது.
மறுநாள் இரவு திரும்பவும் அடியிலிருந்து.

ஆனால் புகை புகையாய் இருந்தது.

‘அக்கா, சனம் பார்க்கப்போறது பதினாலு இஞ்சி டீவியில.
ஆர் புகையை நிப்பாட்டிப் பார்க்கப்போகினம்?’
கஜந்தன் நீலத்தின் கட்சி.
நான் நிப்பாட்டிப் பார்க்கிறவள் என்பது
அவனுக்குத் தெரியும்.

வியாழன் மல்லாவி பஸ்ஸில் தவமலர் வந்தா.
திரையை இரண்டாய்ப் பிரித்தேன்.
இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் சாம்பல்.
எது திறமென்று நீங்களே சொல்லுங்கோ என்றேன்.

அவ பொம்பிளையைப் பார்க்கவில்லை.
மாலையை, நகையை, அட்சதையை,
நான் இரண்டு இரவு பெருக்கிப் பெருக்கிப் பார்த்த
ஒன்றையும் பார்க்கவில்லை.
‘பதினேழாம் நிமிசத்துக்கு விடுங்கோ.’

பந்தலுக்குக் கட்டின வெள்ளை.
அதில் ஒரு நிழல்: முழங்கை,
தோளில் வயர்ச் சுருள்.
வலப்பக்கத்தில் வெளிச்சம் மூன்று தரம் நடுங்கியது.
இடப்பக்கத்தில் நடுங்கவில்லை.
நீலம் அதைப் பிழை என்று நினைத்து
இஸ்திரி போட்டுவிட்டிருந்தது.
நிழலும் துணியோடு துணியாய் வெளுத்திருந்தது.

‘நுளம்பு’ என்றா.
‘கையில லைற். அடிக்கேலாது.
அவனுக்கு நுளம்பு கடிச்சால் தடிக்கும்.’

இது உங்கட ஆக்களின்ர கலியாணமோ?
‘இல்லை. தட்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்தனான்.
லைற் பிடிச்சது தம்பி. அண்டைக்கு முந்நூறு ரூபா.’
வேறெங்கும் வாறாரோ?
‘லைற் பிடிக்கிறவன் எப்பிடி வாறது?’

தடிக்கும் என்றா.
நேற்றைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரிப் பொருந்துகிற வினை.
எந்தக் காலமென்று நான் கேட்கவில்லை.
கஜந்தன் மவுஸை விட்டுக் கையை எடுத்தான்.

அன்றிரவு சாம்பலைத் திறந்து
கையாலேயே பங்கு பிரித்தேன்.
சாப்பாட்டுப் பந்தியில் கழித்தேன்.
குளக்கட்டில் ஜோடி நடக்கும் பாட்டில் நல்லாய்க் கழித்தேன்.
வந்தவர்கள் வரிசையில் நின்று பரிசு குடுத்த
இருபத்திரண்டு நிமிடத்தைப் பிழிந்தெடுத்தேன்.
எல்லாவற்றையும் கொண்டுபோய்
பதினேழில் கொட்டினேன்.

மாப்பிள்ளை வீட்டார் சதுரச் சோறு சாப்பிட்டார்கள்.
குளத்துத் தண்ணி ஓடு வேய்ந்த கூரை மாதிரிக் கிடந்தது.
கடைசியில் மென்பொருள் தானே புள்ளி போட்டது:
தரம், சுமார்.

வெள்ளைத்துணியில் நூல் தெரிந்தது.

காலையில் இருநூறு ரூபா என்றேன்.
எண்ணி வைத்தா.
மார்க்கர் பேனையைத் திறந்துகொண்டு
தட்டில் என்ன பெயர் எழுத என்று கேட்டேன்.
பொம்பிளை மாப்பிள்ளை பெயரைச் சொன்னா,
ஊரை, திகதியை,
பழைய தட்டில் இருந்ததுபோலவே.
அப்படியே எழுதினேன்.