எல்லாம் படிக்காதவை

“அன்புள்ள ரன்வா, முப்பத்தொன்றோடு
கடையைச் சாத்துகிறோம்” என்று
பத்தொன்பது வருடமாய் என் அஞ்சலை வைத்திருந்த கம்பெனி
அஞ்சலிலேயே சொல்லிற்று.
நன்றி சொல்லி, கீழே ஒரு பாய்மரப் படமும் போட்டு.

டோர்ஸ்ஹவுன் துறைமுகத்தில்
கப்பல் வந்த நேரமும் போன நேரமும் எழுதுகிறவள் நான்.
எண்ணிக்கை பிசகினால் தூக்கம் வராது.

புதுக் கம்பெனிக்கு மாறுவது பத்து நிமிட வேலை.
பழசை மட்டும் இனி எவரிடமும் கொடுப்பதில்லை.
ரொட்டித் துண்டு கனத்தில் ஒரு வட்டு வாங்கி
மேசைக்கடியில், ஹீட்டருக்குத் தள்ளி வைத்தேன்.
இறக்கு என்றேன்.
வெளியே மார்ச் மாதக் காற்று
கூரைப் புல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

பழைய நிரல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக
உப்பு மீன் அடுக்குவதுபோல் அமுக்கி வைத்திருந்தது.
புதியதற்குக் கடிதத்துக்கு ஒரு கோப்பு வேண்டுமாம்.
இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து
மூன்று இரவு பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன்.

பழையதில் 23,418.
புதியதில் 23,411.

ஏழு.

உண்மையைச் சொன்னால் ஆசையாகக்கூட இருந்தது,
போனது ஏதாவது பெரியதாக இருக்கட்டுமே என்று.
விடியற்காலை மூன்றரைக்குக் கிடைத்தன.
குளிர்கால டயர் நான்கு வாங்கினால் தள்ளுபடி.
ஒரே விளம்பரம், எட்டுத் தடவை.
ஒன்றை வைத்துக்கொண்டு ஏழைக் கழித்திருக்கிறது நிரல்.
யாரைக் கேட்டுக்கொண்டு என்று கத்தினேன்.
பிறகு தேநீர் போட்டேன்.

சேதம் வேறு இடத்தில்.
வந்ததெல்லாம் தடித்த எழுத்தில் வந்திருந்தது.
பத்தொன்பது வருடமும் படிக்காத கடிதம்.
வரி பாக்கி, பல் டாக்டர், விவாகரத்து வக்கீல்,
மகள் பிறந்தபோது வந்த நாற்பது வாழ்த்து,
ஒன்றையும் நான் தொட்டதே இல்லை என்று
சத்தியம் செய்கிறது இயந்திரம்.
சிலது 1970 ஜனவரி ஒன்றாம் தேதி வந்ததாம்.
அப்போது என் அம்மாவே பள்ளிக்கூடத்தில்.

தம்பியின் பெயரும் உடைந்து கிடந்தது.
ஹேயின்.
அதன் நடுவே எங்கள் மொழியில் ஒரு எழுத்து உண்டு,
வளைந்த கழுத்தில் குறுக்கே ஒரு கோடு.
எழுதுவோம், ஒலிக்க மாட்டோம்.
மூச்சுக்கூடப் படாமல் தாண்டிப் போவோம்.
அந்த இடத்தில் இப்போது
கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி.
மற்ற எழுத்தெல்லாம் பத்திரம்.

குறியாக்கத்தை மாற்றினேன், சரியாயிற்று.

பிறகு கேபிளைப் பிடுங்கினேன்,
இணையம் இல்லாமலும் திறக்கிறதா என்று பார்க்கத்தான்.
கைக்கு வந்தது அவனுடைய கடைசிக் கடிதம்.
பதினொரு வருடம். படகுக் கொட்டகையை நான் விற்ற வாரம்.
“என் பங்கு வந்துசேர்ந்தது.
அப்பாவின் தூண்டில் பெட்டியையும் சேர்த்தா விற்றாய்?”

பெட்டி என் பரணில்தான் இருந்தது.
இருக்கிறது.
கேட்ட விதம் பிடிக்கவில்லை, பதில் போடவில்லை.

திறந்த கையோடு ஒரு சின்னக் கட்டம் எழுந்தது:
நீங்கள் இதைப் படித்துவிட்டதாகத் தகவல் அனுப்பும்படி
அனுப்பியவர் கேட்டிருக்கிறார். அனுப்பலாமா?

எல்லாக் கடிதத்துக்கும் அப்படிக் கேட்பான்.
கப்பல் இன்ஜின் ஆள்,
ரசீது இல்லாமல் ஒரு திருகாணி வாங்க மாட்டான்.
டென்மார்க்குக்கு வீடு மாற்றினானே தவிர
முகவரியை மாற்றியிருக்க மாட்டான்.
அன்றைக்கு “வேண்டாம்” என்றுதான் அழுத்தியிருப்பேன்.
அது தெரியாமல்
முதல் தடவை போலக் கேட்கிறது புது நிரல்.

அனுப்பு.

போகவில்லை. கேபிள் என் கையில்.
அனுப்பக் காத்திருப்பவை: 1.

ஆறரைக்கு டென்மார்க் கப்பல் வரும்,
நேரம் குறிக்க நான் அங்கே நிற்க வேண்டும்.
கோட்டு மாட்டியாயிற்று.
ஒரு கால் பூட்ஸோடு மேசைக்கடியில் குனிந்து
சுவரில் அந்த ஓட்டையை
விரலால் தேடிக்கொண்டிருக்கிறேன்.