இடக்கண்ணில் சிவப்பு

வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால்
யீஷூன் சந்திப்பின் சிவப்பு மனிதன்
நூறு முறை அலசிய சட்டைபோல் வெளிறியிருக்கிறான்.
நிற்கத்தான் சொல்கிறான்,
முன்போல் உறுதியாக இல்லை.

நொவீனாவில் டாக்டர் சுவீ
மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று
தாளில் எழுத்துக்கூட்டி எழுதித் தந்தார்.
பிறகு கேட்டார்:
"எப்போதாவது கடுங்காய்ச்சல்?
கழுத்தில் நெறி கட்டி, வாரக்கணக்கில் அசதி?"
இல்லை என்று தலையாட்டினேன்.
லிஃப்டில் இறங்கும்போது
ஆமாம் என்று ஞாபகம் வந்தது.

பத்தொன்பது வயது. கிளமெண்டி உணவங்காடி.
ஒரு பாண்டுங், ஒரே உறிஞ்சுகுழல்.
ஹாஸிக் ஒரு வாய், நான் ஒரு வாய்.
பாண்டுங் மட்டும்தான்,
அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.
ஒன்றரை மாதத்தில் தொண்டைக்குள் முள்.
இரண்டு பரீட்சை போயிற்று.
தேறிவிட்டாய் என்றார்கள் எல்லாரும்.
கிருமி அப்படிச் சொல்லவில்லை.

அது போகவே இல்லையாம்.
ரத்தத்தில் ஏதோ ஒரு செல்லுக்குள்
விளக்கணைத்துப் படுத்துக்கொண்டதாம்.
தேடித் திரிந்த காவல்
அதன் முகச்சாயலை
என் நரம்பின் மேலுறையில் கண்டு
அதையே கடித்திருக்கலாம்.
"இருக்கலாம்" என்றார் டாக்டர், இரண்டு முறை.
ஸ்கேனில் இருந்த வெள்ளைப் பொட்டுகள் மட்டும்
இருக்கலாம் என்று சொல்லவில்லை.

யாரிடம் இல்லை இந்தக் கிருமி?
எம்ஆர்டியில் எதிரே ஏழு பேர்.
அநேகமாக ஏழு பேரிடமும்.
கைப்பேசி பார்க்கிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள்,
அவரவர் நிலையத்தில் எழுந்து
நேராக நடந்து போகிறார்கள்.

வெயில் குறைந்த தேசங்களில் அதிகமாம்.
இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?
நான்தான் பதினோரு வருஷம்
ஏர்கானுக்குள் இருந்துவிட்டேன்.

ஹாஸிக்கைத் தேடிப் பிடித்தேன்.
மாரத்தான் பதக்கத்தைக் கடித்தபடி சிரிக்கிறான்.
உனக்கும் அந்தக் காய்ச்சல் வந்ததா
என்று எழுதினேன்.
அழித்தேன். நலமா என்று எழுதினேன்.
அதையும்.

இன்று பாண்டுங் வாங்கினேன்.
வலக்கண்ணில் ரோஜா, இடக்கண்ணில் வெறும் பால்.
நான்கு வயது எழிலன் நாற்காலியில் முட்டிபோட்டு
என் குழலை நோக்கி வாயை நீட்டுகிறான்.
சிறுவயதில் தொற்றினால்
சளியோடு சளியாகப் போய்விடுமாம்,
பெரும்பாலும்.
அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லோடு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு குழல் எடுக்க எழுந்தேன்.
இடது கால் சற்றுத் தாமதித்து வந்தது.
திரும்புவதற்குள்
குவளையில் பாதி இல்லை.