கூம்பும் கால்வாசியும்

சிலுவைதாசனுக்கு எக்சிட் அடித்தாயிற்று.
கேக் வேண்டுமாம், கடை கேக் ஆகாதாம்.
சூடானி ஃபோர்மேன் தந்த சீட்டில்
மைதா இருநூற்றைம்பது கிராம்.
ஜுபைல் கேம்பில், அறை பதினாறில்
தராசு ஏது?
இருநூறு மில்லி தயிர் டப்பா இருக்கிறது.

"அப்போ ஒன்றேகால் டப்பா" என்றான்.
அது தண்ணீருக்கு, மக்கா.
சலித்துத் தூவினால் டப்பாவுக்கு நூறு கிராம்,
தட்டித் தட்டி அமுக்கினால் நூற்று முப்பது.
ஈர மணலும் இப்படித்தான் ஏய்க்கும்:
லாரி நிறைந்து தெரியும்,
எடைமேடையில் குறையும்.
ஒன்பது வருஷமாய்க் கான்கிரீட் பிளான்ட்டில்
எனக்கு இதே வழக்கு.

பிரிக்காத கிலோ பாக்கெட்டைச்
செய்தித்தாளில் கூம்பாய்க் கொட்டினேன்.
லேபில் மணலுக்குச் செய்கிற மாதிரி
உச்சியைத் தட்டி, இரும்பு ஸ்கேலால்
குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு.
ஒரு கால்வாசி கிண்ணத்துக்கு.
யாரும் பேசவில்லை. ஏசி மட்டும்
ஓரத்து மாவைக் கொஞ்சம் கொண்டுபோனது.

குக்கரில் வெந்த கேக்
நடுவில் குழிந்திருந்தது.
தின்றபடியே பெட்டியை மூடினான்,
மேலே நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து அழுத்த.
"பாரு, எல்லாம் அடங்கியாச்சு!"

முப்பது கிலோதான் அனுமதி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.