பதினெட்டாம் எண் கறை

காட்டன் கிரீன் ஸ்டேஷனுக்குப் பின்னால்
பழைய பஞ்சு குடோன்.
கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்:
வைத்திருக்க வேண்டிய கறைகள், முப்பத்தொன்று.

ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு போட்டோ.
வடக்குச் சுவரில் மழை வழிந்த தடம் வேண்டும்.
வெற்றிலைத் துப்பல் வேண்டாம்.
மூன்றாம் தூணில் துருவைத் தொடாதே,
மேலே வார்னிஷ் அடி.

இருபத்திரண்டு வருஷம்
துருவைச் சுரண்டிச் சோறு தின்ற கை
ஒரு நிமிஷம் சும்மா தொங்கியது.

ஆர்க்கிடெக்ட் தன்வி கார்க்கானிஸ் நல்ல பெண்.
எல்லாரும் அண்ணா என்பார்கள்,
அவள் மட்டும் எசக்கி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.
பதினெட்டாம் எண் அவளுக்கு உயிர்.
மூட்டை எண்ணியவன் எவனோ
கரியால் இழுத்த கோடுகள்:
நாலு நிமிர்ந்து, குறுக்கே ஒன்று,
அப்படிப் பன்னிரண்டு கட்டு, அப்புறம் மூன்று.
அறுபத்து மூன்று.

அதைத்தான்
ஈரத்துணியால் துடைத்துவிட்டான் சோனேலால்.
பத்தொன்பது வயசு, வேலைக்கு வந்து நாலு நாள்.
அழுக்கைக் கண்டான், துடைத்தான்.
வேறென்ன செய்வான்?

ராத்திரி ஏணி போட்டேன்.
சிரட்டைக் கரி, டீத்தூள் தண்ணீர்,
வயசு தெரிய ஒரு சொட்டு இன்ஜின் ஆயில்.
சோனேலால் கீழே நின்று
போனில் போட்டோவைத் தூக்கிக் காட்டினான்,
கை நடுங்க நடுங்க.
அவன் பெயர் எங்கும் வராது என்று சொன்னேன்.
நம்பவில்லை.

இறங்கி வந்து எண்ணினால்
அறுபத்து நாலு.
துணியை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
சுமந்தவனுக்கு
ஒரு மூட்டைக் கூலி கூடத்தான் கிடைக்கட்டுமே.

திறப்பு விழா.
பாதி ஆபீஸ், பாதி கல்யாண ஹால்.
எடைக்கல் இருந்த இடத்தில் காபி மெஷின்.
பதினெட்டாம் எண்ணுக்கு முன்னால்
கோட்டு போட்டவர்கள் வரிசையில் நின்று
செல்ஃபி எடுத்தார்கள்.
"கைபடாமல் அப்படியே காப்பாற்றியிருக்கிறோம்"
என்றாள் தன்வி.
நான் என் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஏசியை முதல்முறை முழுசாய்த் திறந்தார்கள்.
உத்தரத்து இடுக்குகளில்
யாரும் போட்டோ எடுக்காத இடங்களில்
இத்தனை வருஷம் ஒளிந்திருந்த பஞ்சு
மெல்ல இறங்கியது.
காபிக் கோப்பைகளில், கீபோர்டுகளில்,
மினிஸ்டருக்கென்று ஒதுக்கிய நாற்காலியில்.

ஓரத்தில் துணியோடு நின்ற சோனேலால்
என்னைப் பார்த்தான்:
துடைக்கவா, வேண்டாமா?

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன்.
பஞ்சுக்கு எண் இல்லை.