ஒன்பதில் வை

ஷாமியிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம்.
மொரிட்டானியாவின் இந்த மூலையில் மண் பாதி, இரும்பு பாதி.
காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால்
கருமணல் மீசையாக ஒட்டிக்கொள்ளும்.
டிடெக்டரைத் தரையில் இறக்கியதுமே
காதுக்குள் ஒரு கொல்லன் பட்டறை.

யர்பா சொல்கிறான்: உணர்திறன் இருபதிலேயே இருக்கட்டும்.
நாலு ஒட்டகம் விற்று வாங்கின காது,
அதைப் பாதி மூடி வைக்கவா?
நான் சொல்கிறேன்: ஒன்பது.
கல்யாண வீட்டில் மேளம் முழங்கும்போது
யாரோ உன் பெயரை முணுமுணுத்தால்
இன்னும் சத்தமாக அடி என்றா சொல்வாய்?

மூன்று நாளாக இதே பேச்சு.
மூன்று நாளில் தோண்டி எடுத்தவை:
பழைய சண்டையின் துப்பாக்கிக் குப்பிகள் நாலு,
மத்தி மீன் டப்பாவின் மூடி,
பிறகு கற்கள், கற்கள்.
கையில் எடுத்தால் வெறும் கறுப்புக் கல்,
சுருளுக்குக் கீழே மட்டும்
நான்தான் தங்கம் என்று சத்தியம் செய்கிறது.

நான்காம் நாள் ஷேக்னா
காலி டிரம்களை ஏற்றிக்கொண்டு
தண்ணீருக்குப் போனான்.
போன வாரம் பிரித்த அவனது பங்கு
என் பையில் இருந்தது.
ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு, உளுந்தளவு.
மாத்திரை அட்டையின் தகரத்தாளில் மடித்தது.

சோதித்துவிடலாம் என்றது யார்,
இப்போது இருவருக்கும் நினைவில்லை.
தாளைப் பிரித்து எடுத்துவிட்டோம்
(தாளே பாடிவிடும், கணக்குத் தப்பும்).
தங்கத்தை மட்டும்
ஒரு சாண் ஆழத்தில் வைத்து மூடினோம்.
யர்பாவின் சாண் அது.
அவன் கை எவ்வளவு பெரிது என்று
பிறகுதான் கவனித்தேன்.
அடையாளத்துக்கு மேலே அவன் செருப்பு ஒன்று.

நோட்டில் கோடு போட்டேன்.
இருபது: எல்லாமே அலறுகிறது, செருப்பின் ஆணி உட்பட.
செருப்பை ஓரமாக வைத்தோம்.
பதினைந்து: அலறல்.
பன்னிரண்டு: ஏதோ இருப்பது போல,
இல்லாதது போல.
சுருளைத் தரையில் ஏற்றி இறக்கி
மண்ணோடு சமாதானம் பேசவைத்து மறுபடி, பன்னிரண்டு:
இல்லாதது போல.
ஒன்பது: கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி அமைதி.
பார்த்தாயா, எவ்வளவு சுத்தம், என்றேன்.
சுத்தம்தான், தங்கமும் சேர்ந்து சுத்தம், என்றான்.
பெரிய சுருள், சிறிய சுருள்,
வேகமாக வீசி, இழுத்து இழுத்து,
ஹெட்போனை இருவரும் ஆளுக்கொரு காதில் வைத்து.
ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

நண்பகல். மணல் சுட்டது.
யர்பா நின்றபடியே
ஓரத்தில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டான்.
சிறுநீர் கழிக்கப் போய்வந்தான்.
காற்று எழுந்து எங்கள் காலடிகளை
ஒவ்வொன்றாகத் துடைத்தது.
திரும்பி வந்து என்னைப் பார்த்தான்,
தன் காலைப் பார்த்தான்.

பிறகு யாரும் எண்களைப் பற்றிப் பேசவில்லை.
சல்லடையும் மண்வெட்டியுமாய்
ஒரு பாய் அகலம், இரண்டு பாய்,
ஒரு கூடார அகலம்.
டிடெக்டரை நான் வைத்திருந்தேன், ஒன்பதில்.
ஒருமுறை ரீங்காரம்
லேசாக மூச்சை இழுத்துப் பிடித்தது.
அதை ஒலி என்று சொல்லக்கூட முடியாது.
மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினோம்.
ஈயத் துணுக்கு. அதுவும் உளுந்தளவு.
யர்பா அதை முத்தமிடப் போய்
நாக்கில் படுமுன் துப்பினான்.

தெற்கே புழுதி தெரிந்தது.
வண்டி நின்றதும் ஷேக்னா இறங்கி
தோண்டிப் போட்டிருந்ததையெல்லாம் பார்த்தான்.
நல்ல இடமா? என்றான் ஆவலாக.
இடம் நல்ல இடம்தான், என்றான் யர்பா,
அதில் பொய் எதுவுமில்லை.
எதில் வைக்கணும்?
ஒன்பதில் வை, என்றான்,
என் பக்கம் திரும்பாமலே.

மூன்று நாள் காத்திருந்த சொல்.
நான் தகரத்தாளை விரலுக்குள் உருட்டிக்கொண்டே
ஷேக்னாவின் கால்களைப் பார்த்திருந்தேன்.
அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு
மெல்ல நகர்ந்தான், நின்றான்,
இன்னும் ஓர் அடி,
நின்றான்.